சில நேரம்

பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போலவோ, அதைத் தட்டித் தூங்க வைப்பது போலவோ உங்கள் குழந்தை விளையாடுவதுண்டா என்று ஏழாவது கேள்வி கேட்டது. குமரவேல் பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு அந்த இடத்திலேயே கால் மணி நேரமாக நின்றுவிட்டான். அதற்கு முந்தைய ஆறும் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டன. நடக்கிறதா, நடக்கிறாள். ஓடுகிறதா, ஓடுகிறாள், பிடிக்க முடியாது. கைப்பிடி இல்லாமல் படி ஏறுகிறதா, ஏறுகிறாள். ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே வந்தபோது, பரீட்சையில் படித்த கேள்வியாக வந்து விழுந்ததைப் போல உள்ளுக்குள் ஒரு தெம்புகூட வந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வளர்மதிதான் செல்போனில் எதையாவது படித்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கிறாள். ஏழாவதில் எதிரே மூன்று கட்டங்கள். எப்போதும். சில நேரம். ஒருபோதும் இல்லை. பேனா முனை மூன்றுக்கும் மேலாகப் போய்ப் போய் வந்தது. நாளைக் காலை பத்தரைக்குக் கோயமுத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். போன தடவை வளர்மதி மட்டும் போயிருந்தாள், நாளைக்கும் அவள்தான் போவதாக இருந்தது, அவனுக்குக் காலையில் வண்டி. டாக்டரம்மா ஒரே மாதிரி இரண்டு கேள்வித்தாள் கொடுத்து, அம்மா தனியாக ஒன்று, அப்பா தனியாக ஒன்று நிரப்ப வேண்டும், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது, கலந்து பேசவும் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். வளர்மதி வெள்ளிக்கிழமையே எழுதி நாலாக மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, டீச்சர்களுக்கெல்லாம் எலக்‌ஷன் வேலைக்குப் பயிற்சி வகுப்பு என்று ஒன்றரை மணிக்குக் கிளம்பிப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, நாலரை மணிக்குள்ளே வந்துவிடுவதாகவும் அதற்குள் எழுதி வைத்துவிட வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போனாள். சாதம் ஊட்டியாகிவிட்டது, தாழ்ப்பாளை மட்டும் மேலே போட்டு வைத்திருங்கள் என்றாள். மூன்று மணி நேரம். அவனும் பிள்ளையும் மட்டும் இந்த வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தது இதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தான், அகப்படவில்லை.

கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போலிருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து கூட்ஸ் வண்டியை ஈரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிற லாபியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி பத்து. ஒரு மணி நேரம் படுத்திருப்பான், அவ்வளவுதான். இன்ஜினில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தால் இறங்கிய பிறகும் அரை நாளைக்கு உடம்புக்குள் அந்த அதிர்வு ஓடிக்கொண்டேயிருக்கும். இப்போதும் தரை லேசாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது, ரயில்வே குவார்ட்டர்ஸின் இந்தச் சிவப்புத் தரை, வெடிப்பு விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசின தரை, அதன்மேல் கவிழ்த்து வைத்த பொம்மை ரயிலுக்கு முன்னால் ஒரு கன்னத்தைப் பதித்துப் படுத்திருந்தாள் ஆதிரை. மூன்றரை வயது. சக்கரத்தை ஒரு விரலால் தட்டிவிடுவாள். அது சுற்றும். சுற்றி நிற்கப் போகிறது என்கிற போது மறுபடி ஒரு தட்டு. நேராகப் பார்க்க மாட்டாள், கடைக்கண்ணால்தான். அந்த ரயில் சேலத்துப் பொருட்காட்சியில் அவனே தேடி வாங்கியது. அப்பா ஓட்டும் வண்டி, கூ என்று ஊதிக்கொண்டு வீடு முழுக்க ஓட்டுவாள், நாற்காலிக்கு அடியில் விட்டு மறுபக்கம் எடுப்பாள், டிக்கெட் டிக்கெட் என்று தன்னிடமே வந்து கை நீட்டுவாள் என்று வருகிற வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். கையில் கொடுத்தவுடன் கவிழ்த்துப் போட்டாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் நிமிர்த்தி வைக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு அது குறையாகவே படவில்லை. லாபியில் போய்ச் சொல்லிச் சிரித்தான், என் பொண்ணு வண்டி ஓட்ட மாட்டேங்கிறாள், அடியில் படுத்து செக் பண்ணுகிறாள், லோகோ ஷெட்டில் வேலைக்கு வரப் போகிறாள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும், வயசான டிரைவர், எத்தனை நேரம் அப்படிச் செய்வாள் என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அப்போது தோன்றவில்லை. எத்தனை நேரம். இதோ கேள்வித்தாளிலும் அதே இருக்கிறது, பதினொன்றாவது, பொம்மையின் ஒரு பாகத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றுவதோ தட்டுவதோ உண்டா, உண்டென்றால் ஏறக்குறைய எத்தனை நேரம். எழுதுவதற்குக் கோடு விட்டிருந்தார்கள். சின்னக் கோடு. அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். வளர்மதி போகும்போது தொடங்கினாள். இப்போது இரண்டு இருபது.

ஆதிரை, என்று கூப்பிட்டான். கூப்பிட வேண்டும் என்று நினைத்துக் கூப்பிடவில்லை, வாய் தானாகக் கூப்பிட்டது. சக்கரம் சுற்றியது. ஆதிரைக்கண்ணு. சக்கரம் சுற்றியது. இன்ஜினில் உட்கார்ந்தால் வழி முழுக்க அவனும் அசிஸ்டென்ட்டும் செய்வதே அதுதான், தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் அவர் கையை நீட்டிப் பச்சை என்று உரக்கச் சொல்ல வேண்டும், இவனும் கையை நீட்டிப் பச்சை என்று திருப்பிச் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரிந்தாலும் சொல்ல வேண்டும், தூக்கம் வந்தாலும் சொல்ல வேண்டும், ஒருவன் சொல்லி மற்றவன் சொல்லாவிட்டால் வண்டி போகிற போக்கே சரியில்லை என்று அர்த்தம். அப்படியே பழகிய காதுக்கு, கூப்பிட்டுப் பதில் வராத இந்த வீடு முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பயமாக இருந்தது, அப்புறம் அவன் டியூட்டி கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தான். அதை வளர்மதி ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. ஒன்றேகால் வயசில் ப்பா என்றாள் இவள். மீ என்று பூனையைக் காட்டினாள். காக்காய்க்குச் சோறு போட்டால் கையைத் தட்டினாள். எந்த நாளில் அது நின்றது என்று தெரியவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரே அடியாக நிற்கவில்லை, ஒரு வாரம் இல்லாமல் இருந்தது, இன்று சொல்லவில்லை போலிருக்கிறது என்றிருந்தார்கள், பிறகு ஒரு மாதம். அந்தச் சமயத்தில்தான் சங்ககிரி தாண்டி ஒரு வளைவில் வண்டிக்கு முன்னால் ஒரு பொம்பளை. தலையில் புல்லுக்கட்டு. தண்டவாளத்து ஓரமாக நடந்தவள் குறுக்கே ஏறினாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவன். அவள் திரும்பவே இல்லை. பிரேக் போட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் வண்டி நிற்கும், அது அவனுக்கும் தெரியும் வண்டிக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அது காது கேட்காத பொம்பளைங்க சார் என்று லெவல் கிராசிங் கேட்கீப்பர் பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஆதிரையைக் கூப்பிட்டான், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. அதன்பிறகு சொந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பான், கதவை அறைந்து பார்ப்பான், யார்டில் இன்ஜின் ஹாரன் அடித்தால் அவள் முகத்தையே பார்ப்பான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனால் அவனுக்கு அப்பாடா என்றிருக்கும். கேட்கிறது. காது கேட்கிறது. கோயமுத்தூரில் மயக்க மருந்து கொடுத்துத் தலையில் வயரெல்லாம் ஒட்டிக் காது டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த அன்று அவன் கடைக்கு ஓடி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திரும்பினான். வளர்மதி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தான். ஒரு துண்டு எடுத்து அவள் வாயில் வைக்கக்கூடப் போனான். காதாக இருந்திருக்கக் கூடாதா என்று அவள் அழுதது அவனுக்குப் புரிவதற்கு ஆறு மாதம் ஆயிற்று, புரிந்த பிறகும் புரியாத மாதிரி இருந்துகொள்ள அவனுக்குத் தெரிந்திருந்தது. அவங்கவங்க நேரம் வந்தாப் பேசுவாங்க என்பான். போனில் அக்கா வேறு, நீயும் நாலு வயசு வரைக்கும் பேசுல, ஊமைன்னே நெனச்சோம் என்பாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவன் ஒரு வருஷம் ஓட்டினான்.

கதவு தட்டப்பட்டது. மேல் தாழ்ப்பாளை எடுத்தால் மௌலிகா, அடுத்த வரிசை குவார்ட்டர்ஸ் ஸ்டேஷன் மாஸ்டர் பெண், ஐந்து வயது, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. பாப்பாகூட வெளையாட வந்தேனுங்க மாமா என்று செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். தூக்கம் ஒரு கணம் கலைந்தது அவனுக்கு. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான், அல்லது நினைக்கிற மாதிரி இருந்தது, பிள்ளையோடு பிள்ளை சேர்ந்தால் தானாக வரும் என்று அக்காவும் சொல்லியிருக்கிறாள். மௌலிகா ஜன்னலுக்குக் கீழே கூடையைக் கவிழ்த்தாள், இரண்டு கிண்ணம், ஒரு அடுப்பு, ஒரு கரண்டி, நாலைந்து கப். ஐந்து நிமிஷத்தில் அங்கே ஒரு வீடு வந்துவிட்டது. இல்லாத கேஸைப் பற்ற வைத்தாள். இல்லாத பால் பொங்குகிறது என்று பதறி ஊதினாள். சர்க்கரை தீர்ந்துபோயிற்று என்று தனக்குத்தானே சலித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய்க் கடன் கேட்டு வாங்கி வந்தாள், பக்கத்து வீடு என்பது நாற்காலியின் கால். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். குமரவேலுக்கு வாய் பிளந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுவதை அவன் இதற்கு முன் பார்த்ததே இல்லையா, பார்த்திருப்பான், மழை பெய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்திருப்பான். ஒரு கப்பைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். சூடா இருக்குதுங்க மாமா, ஊதிக் குடிங்க. அவன் ஊதினான். உறிஞ்சினான். சக்கரை கொஞ்சம் கம்மி என்றான். அவள் இடுப்பில் கை வைத்து, உங்களுக்கு சுகர் வந்துரும், போதும் என்றாள். எவ்வளவு சுலபம். ஒன்றுமில்லாத கப்புக்குள் இரண்டு பேர் சேர்ந்து டீயைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த கப்பை அவள் ஆதிரைக்குக் கொண்டுபோனாள். பாப்பா டீ, என்றாள். ஆதிரை கப்பை வாங்கினாள். குமரவேல் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். ஆதிரை அதை உதட்டருகே கொண்டுபோனாள், விளிம்பை நாக்கால் தொட்டாள், பல்லில் இரண்டு தட்டு தட்டினாள், தரையில் சாய்த்து வைத்துத் தட்டிவிட்டாள். கப் உருண்டு ஒரு வட்டம் போட்டு நின்றது. மறுபடி தட்டினாள். மௌலிகா பொறுமையாகத்தான் இருந்தாள். அது டீ பாப்பா, கொட்டுது பாரு, என்றாள். ஒரு துணியை எடுத்துக் கொட்டிய டீயைத் துடைக்கக்கூடச் செய்தாள். இன்னொரு கப் கொடுத்தாள். அதுவும் உருண்டது. கரண்டியைக் கொடுத்தாள், ஆதிரை கரண்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி அதில் வெளிச்சம் மின்னுவதைப் பார்த்தாள். பிறகு மௌலிகா நிமிர்ந்து, குற்றமாகச் சொல்லாமல், நாய் கடிக்குமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"இவளுக்கு வெளையாடத் தெரியாதுங்களா மாமா?"

அவன் தெரியும் என்று சொன்னான். தெரியும் சாமி, அவ வேற மாதிரி வெளையாடுவா என்று சொன்னான். மௌலிகா சிறிது நேரம் தனியாகச் சமைத்தாள், அடுத்த வரிசையிலிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டதும், ஒரே கூப்பாட்டில் தலை திரும்பியது, கூடையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, வர்றேனுங்க என்று போய்விட்டாள். உருட்டிய கப்பை அவள் எடுத்தபோது ஆதிரை ஒரே வீறாக வீறிட்டாள், அதுவும் ஒரு நிமிஷம்தான், பழைய சக்கரத்துக்குத் திரும்பினாள். அவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து கேள்வித்தாளின் முன் உட்கார்ந்தான். ஏழாவது. உதட்டில் வைத்தாளே. கப்பை உதட்டில் வைத்தாள், நான் பார்த்தேன், டீ குடிப்பது போல வைத்தாள். சில நேரம் என்று போட்டால் பொய்யா. நக்கினாள். பல்லில் தட்டினாள். அவளுக்கு அது கப்புமில்லை, டீயுமில்லை, ஒரு வழவழப்பு. ஆனால் உதட்டில்தானே வைத்தாள். சட்டப்படி பார்த்தால் உதட்டில் வைத்தது உண்மை. பேனா 'சில நேரம்' கட்டத்தின் மேல் இறங்கி ஒரு புள்ளி வைத்தது. அங்கேயே நின்றது. டாக்டரம்மா இதை எத்தனை பேரிடம் கொடுத்திருப்பார், எத்தனை அப்பன்கள் இந்தக் கட்டத்தில் வந்து நின்றிருப்பார்கள். சில நேரம் என்று போட்டால் என்ன, சின்னதாக ஏதோ தாமதம், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். ஆறு மாதத்துக்குள் அவன் இன்னும் நூறு வண்டி ஓட்டிவிடுவான். ஆறு மாதத்தில் பேசிவிட்டால். பேசாவிட்டால் இன்னும் ஆறு மாதம். அப்படியே இவளுக்கு எட்டு வயது, பதினாறு வயது, அவன் ரிட்டயர் ஆகிறான், வளர்மதிக்கு முட்டி வலி, இவள் அதே மாதிரி கன்னத்தைத் தரையில் வைத்து, இருபத்தைந்து வயதுப் பெண், யார் தாழ்ப்பாள் போடுவார்கள், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முந்நூறு அடியில் தண்டவாளம், முதுகைக் காட்டிக்கொண்டு. எழுந்துபோய்த் தாழ்ப்பாளை மறுபடி பார்த்துவிட்டு வந்தான். போட்டுத்தான் இருந்தது. போட்டது தெரிந்தும் போனான். வந்து உட்கார்ந்தால் கண் சொக்கியது, தலை முன்னால் விழுந்தது, திடுக்கிட்டு நிமிர்ந்தபோது கையில் பிரேக் இல்லை, பேனா இருந்தது.

மணிக்கட்டில் ஏதோ பட்டது. ஆதிரை நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள், ஒரு சாமானை எடுப்பது போல மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவனும் கையோடு சேர்ந்து போனான். சக்கரத்தில் ஒரு நூல் சிக்கி இறுகியிருந்தது. அவன் விரலை எடுத்து அதன்மேல் வைத்தாள். நூலை உருவி எடுத்தான், சுற்றிவிட்டான், அவன் விரலுக்கு இவளைவிட வலு, சக்கரம் ரீங்காரத்தோடு சுற்றியது. அவள் உடம்பு முழுக்க ஒரு துள்ளல் போனது, இரண்டு கையையும் தோளுக்கு அருகே உதறினாள், குதிங்கால் தரையில் படவில்லை. என்ன சந்தோஷம். யாருக்காகவும் இல்லாத சந்தோஷம். மறுபடி படுத்தாள். அவனுக்கு என்ன தோன்றியதோ, உடம்பு அசதிதான் காரணமோ, எதிர்ப்பக்கமாகத் தானும் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தான். தரை குளுகுளுவென்று இருந்தது. சக்கரத்துக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். ஜன்னல் வெளிச்சம் ஆரக்கால்களுக்கு நடுவே வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, வேகம் கூடும்போது ஒரே வெள்ளைத் தகடாகி, குறையும்போது பின்னோக்கிச் சுற்றுவது போலாகி, மறுபடி கால் கால்களாகப் பிரிந்தது. முப்பத்தெட்டு வயதில், சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே பதினான்கு வருஷம் சம்பாதித்தவன், ஒரு சக்கரத்தை அன்றைக்குத்தான் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அதன் வழியாக அவள் கண் தெரிந்தது, நீளமான இமை, வளர்மதியின் இமை. ஒரு கை தூரம்கூட இல்லை. இந்தக் கண்ணுக்கும் இந்தச் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயாவது நான் இருக்க மாட்டேனா. மெதுவாக நகர்ந்து முகத்தை நேர்க்கோட்டுக்குக் கொண்டுபோனான். அப்பா, என்றான். இதோ அப்பா, கண்ணு. வெளிச்சம் மறைந்தது. அவள் கை நீண்டு வந்து அவன் கன்னத்தில் பதிந்தது, சூடான சின்ன உள்ளங்கை, அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அந்தக் கை, திரைச்சீலையை ஒதுக்குவது போல, கோபமில்லாமல், அவன் முகத்தை ஓரமாகத் தள்ளிவைத்தது. வெளிச்சம் திரும்பி வந்தது. சக்கரம் சுற்றியது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று தெரியவில்லை. தூங்கவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, பெரிய சோர்வு ஒன்றுதான் வந்தது, இத்தனை நாளாகச் சுமந்த ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தவனின் சோர்வு. எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழாவது கேள்வி, பொம்மைக்குச் சோறு ஊட்டுமா. ஒருபோதும் இல்லை. எட்டு, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்து விளையாடுமா. ஒருபோதும் இல்லை. மற்ற குழந்தைகளோடு. ஒருபோதும் இல்லை. பதினொன்றில் கோட்டின்மேல் எழுதினான், விட்டால் மூன்று மணி நேரமும். தனக்குப் பிடித்த பொருளைக் கொண்டுவந்து உங்களுக்குக் காட்டுமா. இங்கே கை தயங்கியது, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனாளே, இல்லை, அது காட்டவில்லை, கேட்டது நூலை எடுக்க. ஒருபோதும் இல்லை. விளையாடும்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்குமா. கன்னத்தில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. அந்த 'ஒருபோதும் இல்லை' டிக்கை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டான். ஏழாவதில் முன்பு வைத்த புள்ளி 'சில நேரம்' கட்டத்தில் அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்து வைத்தான், ஆபீஸ் பழக்கம்.

ஐந்தே கால் ஆயிற்று வளர்மதி வர. வெயிலில் முகம் கறுத்திருந்தது. முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு மேஜையை. கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே தாளை எடுத்தாள். படிக்கக் கூடாதல்லவா என்று அவன் சொல்லவில்லை. அவள் நின்றபடியே படித்தாள், கணக்கு டீச்சர், விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போனாள், கடைசிவரை போய் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். அவனுக்குத் தெரிந்து இரண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அதில் இருந்தது. இப்போதாவது ஒத்துக்கொண்டீர்களே என்று சொல்வாள், நான் தலை தலையாய் அடித்துக்கொண்டபோது எங்கே போனீர்கள் என்று கேட்பாள், கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் தலை குனிந்து உட்கார்ந்துகொள்வது என்று வைத்திருந்தான். அவள் பீரோவைத் திறந்து நாலாக மடித்த தன்னுடைய தாளை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். பிரித்தான். ஏழாவதில் 'சில நேரம்'. எட்டில் 'சில நேரம்'. மற்ற குழந்தைகளோடு, 'சில நேரம்'. முகத்தைப் பார்த்துச் சிரிக்குமா, 'சில நேரம்', பக்கத்தில் பொடி எழுத்தில், குளிக்கும்போது என்று எழுதியிருந்தது. ஏழிலிருந்து கீழ்வரை ஒரே நேர்வரிசையாக நடுக்கட்டத்தில் டிக்குகள், ஒன்றுகூட கோணவில்லை. அவன் நிமிர்ந்தான்.

"எனக்கு அந்தக் கடைசிக் கட்டத்துல கை போகலீங்க," என்றாள் வளர்மதி. நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை, அழவுமில்லை. "நீங்க ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு ஆத்திரமா வரும். எத்தனை சண்டை போட்டிருப்பேன். ஆனாப் படுத்தா அதை நெனச்சுட்டுத்தான் தூங்குவேன். ஒருத்தராவது சொல்றாரே, ஒருவேளை அவரு சொல்றது நெசமா இருந்துட்டா நல்லாருக்குமேன்னு." பையின் வாரை விரலில் சுற்றினாள். "இனி அதைச் சொல்றதுக்கு வீட்டுல யாருமில்லீங்க."

சொல்லிவிடலாம்தான், வாயில் தயாராக இருக்கிற வார்த்தை, அவங்கவங்க நேரம், இரண்டு வருஷம் தேய்ந்த வார்த்தை. நாக்கு எடுக்கவில்லை. ஆதிரை எழுந்துவந்து அம்மாவைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள், வளர்மதி பார்க்காமலே கையை நீட்டிப் பாவாடையின் அவிழ்ந்த கொக்கியை மாட்டிவிட்டாள். என்னுடையதைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். இரண்டையும் கொடுத்துவிடலாம், டாக்டரம்மா பார்த்துக்கொள்ளட்டும், நீ எழுதினதும் அவளைப் பார்த்து எழுதினதுதானே. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஃபைலில் போட்டான். பிறகு செல்போனை எடுத்து லாபிக்கு அடித்தான். தாமோதரன்தான் எடுத்தார், டியூட்டி போடுகிற கிளார்க். நாளைக்குக் காலையில் வண்டிக்கு வர முடியாது என்று சொன்னான். வளர்மதி தலையைத் தூக்கினாள். தாமோதரன் சலித்துக்கொண்டார், ஆள் இல்லை, இப்போது சொன்னால் எப்படி என்றார், பிறகு அவரே இறங்கிவந்து, சரி, உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றான் குமரவேல். "எம் பொண்ணுக்கு ஆட்டிசம் இருக்குதான்னு பாக்கோணும். கோயமுத்தூர் போறோம். அதையே எழுதிக்குங்க."

லாபியில் யாரோ பெஞ்சை இழுப்பது மட்டும் கேட்டது. சரி குமரவேல், எழுதிக்கிறேன் என்று தாமோதரன் சொன்னபோது குரல் தணிந்திருந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். அவன் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அவளும் அந்தக் கேள்வி காதில் விழுந்தவள் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆதிரை ஏதோ ஒரு மூடியை மேடையில் உருட்டிவிட்டிருந்தாள், அது சுற்றிச் சுற்றி, ஓயப்போவது போலச் சத்தம் சிறுத்து, மறுபடி தட்டு வாங்கி எழுந்தது.

"இப்போதைக்கு ஒரு நாள்னு போட்டுக்குங்க," என்றான்.